சயாம் இரயில் பாதையில் டாக்டர் டன்லப்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் எவரும் அதன் கடைசிக் குறளில் சற்று நின்றே செல்வர். மருத்துவம் நான்கு கூறுடையது என்கிறார் வள்ளுவர். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, நோயாளியின் அருகிலிருந்து பணிபுரிபவன் என்பன அந்நான்கு. பரிமேலழகர் இவை ஒவ்வொன்றையும் மீண்டும் நான்காகப் பகுத்துப் பதினாறாக்கிக் காட்டுவார். நோயாளிக்கு வேண்டியவற்றுள் பொருளுடைமையை அவர் முதலில் வைத்திருப்பதைக் கண்டு, பணமில்லாதவனுக்கு நோய் வந்தால் என் செய்வது என்று மாணவர் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். மருத்துவனுக்கு வேண்டியவற்றுள் அவர் முதலில் வைத்திருப்பது நோயைக் கண்டு அஞ்சாமை.

இந்நான்கில் மருந்து மட்டும் இல்லாமற்போனால் என்னவாகும்? நோயாளியைத் தவிர மற்ற மூன்றுமே இல்லாமற்போனால் என்னவாகும்? இவ்விரு கேள்விகளுக்கும் 1943-ஆம் ஆண்டில், சயாம் நாட்டுக் காட்டில், ஒரே ஆற்றங்கரையில் விடை கிடைத்தது. முதற் கேள்விக்கு விடை தந்தவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலியப் படையின் அறுவை மருத்துவர் டன்லப். இரண்டாம் கேள்விக்கு விடையானவர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற நம்மவர்கள். ஆதலால் இவர் வரலாறு வேற்று நாட்டார் ஒருவருடைய வரலாறாயினும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

அவர் முழுப்பெயர் எர்னஸ்ட் எட்வர்டு டன்லப். அப்பெயரால் அவரை அழைத்தோர் சிலரே. ஆஸ்திரேலியர்க்கு அவர் என்றும் 'வியரி' டன்லப்தான். டன்லப் என்ற சொல் நம் நாட்டில் எதை நினைவூட்டுமோ அதையேதான் மெல்பர்ன் பல்கலைக்கழக மாணவர்க்கும் நினைவூட்டியது. டன்லப் என்றால் டயர். ஆங்கிலத்தில் டயர் என்பதற்கும் சோர்வைக் குறிக்கும் சொல்லுக்கும் ஒலி ஒன்று; சோர்ந்தவன் என்பதற்கு மறுசொல் வியரி. இப்படிச் சிலேடையில் பிறந்த பட்டப்பெயர் சாகும்வரை அவரை விடவில்லை. பெயர்தான் சோர்ந்தவன். ஆள் 6 அடி 4 அங்குல உயரம். பல்கலைக்கழகத்தில் பேர்பெற்ற குத்துச்சண்டை வீரர். 1932-ல் ஆஸ்திரேலிய ரக்பிக் குழுவில் இடம்பெற்று நியூசிலாந்தை எதிர்த்து ஆடியவர்.

விக்டோரியா மாநிலத்தில் வாங்கராட்டா என்னும் ஊரில் 1907 ஜூலை 12-ஆம் நாள் பிறந்தார். உழவர் குடும்பம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மருந்துக் கடையொன்றில் தொழில் பழகி, மருந்தாளர் கல்வியை முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். மருந்து கலக்கும் தொழிலில் தொடங்கியவர் மருந்தே இல்லாத இடத்தில் பேர்பெற்றார் என்பது விந்தை. ஆனால் எந்தப் பொருளிலிருந்து எதைப் பெறலாம் என்ற மருந்தாளரின் அறிவு காட்டில் அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1934-ல் மருத்துவப் பட்டம். 1938-ல் இலண்டனில் அறுவை மருத்துவர் கழகத்தின் உறுப்பினர் தகுதி. 1939-ல் போர் மூண்டபோது இலண்டனில் இருந்தபடியே ஆஸ்திரேலியப் படையில் சேர்ந்துவிட்டார். மத்திய கிழக்கு, கிரீஸ், கிரீட் தீவு, டோப்ருக் என்று போர்முனைகள் பல கண்டபின், 1942-ன் தொடக்கத்தில் ஜாவாவில் வந்து இறங்கினார்.

ஜாவா அம்மார்ச் மாதமே ஜப்பானியர் கையில் விழுந்தது. அப்போது டன்லப் பாண்டுங் நகரில் நேச நாட்டுப் படையினர்க்கான மருத்துவமனையின் தலைவர். ஜப்பானியர் அம்மருத்துவமனையைக் கலைக்கும்படி உத்தரவிட்டனர். எழுந்து நடக்க முடியாதவரும் சிறைமுகாமுக்கு நடக்கவேண்டும் என்றாயிற்று. நோயாளிகளுள் ஒருவர் பிரிட்டிஷ் விமானப்படையைச் சேர்ந்த இளைஞர். வெடிவிபத்தில் இரு கண்களையும் இரு கைகளையும் இழந்தவர். இவரை வைத்திருந்து பயனில்லை என்று துப்பாக்கிமுனை ஈட்டிகள் நீண்டபோது, டன்லப் ஈட்டிக்கும் நோயாளிக்கும் நடுவே போய் நின்றார் என்று எழுதுகிறார்கள். பல வாய் மாறி வந்த செய்தியாதலால் சற்று மெருகேறியும் இருக்கலாம். ஆனால் அந்த இளைஞர் பிழைத்தார், போருக்குப்பின் இங்கிலாந்து திரும்பினார், தொண்ணூறு வயதைக் கடந்து 2012 வரை வாழ்ந்தார் என்பதில் ஐயமில்லை.

ஜாவாச் சிறைமுகாமில் நடந்த மற்றொன்று இதைவிடக் கவனிக்கத்தக்கது. படை மரபில் மருத்துவ அதிகாரி போர்வீரர்க்குத் தலைமை ஏற்பதில்லை. அவர் பணி வேறு, சேனைத் தலைவர் பணி வேறு. ஆயினும் அங்கிருந்த ஏனைய அதிகாரிகள் டன்லப்பையே தங்கள் முகாமின் தலைவராக ஏற்றனர். மருத்துவரும் தலைவரும் ஒருவரே ஆயினர். பின்னர்ச் சயாமில் அவர் செய்தவற்றுள் பெரும்பாலானவை இந்த இரட்டைப் பொறுப்பினால்தான் இயன்றன. எவனுக்கு எந்நோய் என்று கண்டறிபவரே எவன் எந்த வேலைக்குப் போகலாம் என்று வாதாடுபவராகவும், முகாமில் காசு எதற்குச் செலவாக வேண்டும் என்று முடிவு செய்பவராகவும் இருந்தார்.

1943 ஜனவரியில் டன்லப்பின் பொறுப்பில் சுமார் 900 பேர் ஜாவாவிலிருந்து கப்பலேற்றப்பட்டுச் சிங்கப்பூர் வந்தனர். சாங்கியில் இரண்டு வாரந்தான். பிறகு சரக்கு வண்டிகளில் அடைக்கப்பட்டுச் சயாம் போயினர்.

காட்டில் நடந்த கணக்கு

சயாம் மரண இரயில் என்றால் நம் முதியோர்க்கு விளக்கம் வேண்டுவதில்லை. இளையோர்க்காக இரண்டொரு செய்தி. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு உணவும் வெடிமருந்தும் மலாக்கா நீரிணை வழியாகக் கடலில் போய்க்கொண்டிருந்தன. நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்கள் அவ்வழியை ஆபத்தாக்கவே, தரை வழி தேவைப்பட்டது. சயாமில் பான் பொங் அருகே தொடங்கிப் பர்மாவில் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். மலையும் காடும் ஆறும் மழையும். 1942-ல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. மண்வெட்டி, கூடை, சம்மட்டி, பாறையில் துளையிடும் உளிக்கம்பி, வெடி ஆகியவையே பெரும்பாலும் கருவிகள். போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர் ஏறக்குறைய 2 இலட்சம் பேர்.

டன்லப்பின் குழுவினர் முதலில் கொன்யூவிலும் பிறகு ஹின்டோக்கிலும் இருந்தனர். குவே நோய் ஆற்றின் கரையோரம் பாறையைக் குடைந்து பாதை அமைக்கவேண்டிய பகுதி அது. ஒருவன் உளிக்கம்பியைப் பிடித்துக்கொள்ள மற்றொருவன் சம்மட்டியால் அடிக்க, பாறையில் துளை விழும். அத்துளையில் வெடி வைத்து உடைத்த கல்லைக் கையால் சுமந்து அகற்ற வேண்டும். 1943 ஏப்ரலிலிருந்து வேலை முடுக்கிவிடப்பட்டது. காவலர் வாயில் ஓயாமல் ஒலித்த 'ஸ்பீடோ' என்ற சொல்லே அம்மாதங்களுக்குப் பெயராயிற்று. அடுத்த மாதம் பருவமழையும் தொடங்கிவிட்டது.

ஒவ்வொரு நாளும் பொறியியற் படையினர் வந்து, வேலைக்கு இத்தனை பேர் வேண்டும் என்று ஒரு தொகை சொல்வார்கள். முகாமில் நோயில்லாதவர் எத்தனை பேர் என்பது அவர்கள் கேள்வியன்று. அத்தொகை நிறைய வேண்டும்; நிறையாவிட்டால் மருத்துவக் குடிலுக்குள் புகுந்து கைக்கு அகப்பட்டவரை இழுத்துச் செல்வார்கள். நோயாளிக்கு உணவுப் பங்கும் குறைவு. உழைக்காதவனுக்குச் சோறு எதற்கு என்பது அவர்கள் வாதம். போர்க்கைதிகள் நடத்தப்பட வேண்டிய முறை பற்றிய 1929-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டிருந்தது. ஆனால் அதனை உறுதிசெய்து ஏற்கவில்லை. ஆகவே சட்டம் பேசியும் பயனில்லை.

இந்நிலையில் மருத்துவர் செய்யவேண்டியது யாது? வழக்கமான மருத்துவமனையில் யாருக்கு முதலில் சிகிச்சை என்பது கேள்வி. ஹின்டோக்கில் கேள்வி வேறு. நோயாளிகளுக்குள்ளே எவன் குறைந்த நோயாளி? எவனை அனுப்பினால் மாலையில் உயிரோடு திரும்புவான்? நேற்றுப் போனவனை இன்று நிறுத்திவைக்க, இன்று படுத்திருப்பவனை எழுப்பலாமா? சீதபேதிக்காரன் ஒருவனுக்கும் மலேரியாக்காரன் ஒருவனுக்கும் இடையே ஒருவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதனை விடிவதற்கு முன்னே, மழையில், நாள்தோறும் செய்யவேண்டும். டன்லப்பும் அவருடைய துணை மருத்துவர்களும் அணிவகுப்பில் நின்று தலைக்குத் தலை வாதாடினர். பத்துப்பேரை விடுவிக்கக் கேட்டால் இரண்டுபேர் விடுபடுவர். வாதாடியதற்குக் கூலி அடி. நெட்டையரான டன்லப்பின் முகத்தில் அறைவதில் குட்டையான காவலர்க்கு ஒரு தனி விருப்பம் இருந்தது போலும்.

கத்தி பிடித்து அறுப்பதைவிட இதுவே அவருடைய பெரும்பணி என்பது என் எண்ணம். அறுவையில் கை தவறினால் ஓர் உயிர். இக்கணக்கில் தவறினால் எத்தனை உயிர் என்பது மறுநாள்தான் தெரியும். அவரும் அப்போது மலேரியாவும் சீதபேதியும் காலில் புண்ணுமாக இருந்தவர்தாம்.

மருந்தில்லா மருத்துவம்

மூங்கில் முள்ளோ கல்லோ காலில் ஒரு சிராய்ப்பை உண்டாக்கும். உணவுச் சத்தில்லாத உடம்பில் அச்சிராய்ப்பு ஒரு வாரத்திற்குள் உள்ளங்கையளவு புண்ணாகும். மேலும் சில நாளில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை சதை அழுகி எலும்பு தெரியும். இதனை வெப்பநாட்டு ஆறாப்புண் என்பர். அழுகிய சதையை நீக்காவிட்டால் உயிர் போகும். நீக்குவதற்குக் கருவி, விளிம்பு தீட்டிய கரண்டி. மயக்க மருந்து கிடையாது. நால்வர் பிடித்துக்கொள்ள மருத்துவர் சுரண்டி எடுப்பார். அதற்கும் அடங்காத புண்ணுக்குக் காலையே எடுக்கவேண்டி வரும். சாதாரண வாளையும் கொதிநீரில் போட்டு அதற்குப் பயன்படுத்தினர். பர்மாப் பகுதியில் ஆல்பர்ட் கோட்ஸ் என்னும் மற்றோர் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர், ஒரே முகாமில் நூற்றுக்கு மேற்பட்ட கால்களை எடுக்க நேர்ந்தது. அங்கே டச்சு மருந்தாளர் ஒருவர் முதுகுத் தண்டில் செலுத்தும் மயக்க மருந்தைக் காட்டிலேயே ஆக்கிக்கொடுத்தார். விலங்குகளின் குடலைத் திரித்துத் தையல் நூல் செய்தனர்.

மூங்கில் இல்லாதிருந்தால் இம்மருத்துவமனைகள் இல்லை எனலாம். படுக்கை மூங்கில், கழிகலம் மூங்கில், ஊன்றுகோல் மூங்கில், கால் இழந்தவர்க்குக் கட்டைக்காலும் மூங்கிலிலும் மரத்திலும் ஆயிற்று. வாந்திபேதி வந்தபோது ஊசிகூட மூங்கிற்குச்சியாயிற்று.

அவ்வாந்திபேதியைப்பற்றிச் சிறிது விரித்தே சொல்லவேண்டும். 1943 மே, ஜூன் மாதங்களில், மழையோடு மழையாக அது ஆற்றின் வழியே இறங்கி வந்தது. வாந்திபேதி கண்டவன் சாவது கிருமியால் நேராக அன்று. உடம்பின் நீரும் உப்பும் சில மணி நேரத்தில் வெளியேறிவிடுவதால். காலையில் நடந்து போனவன் மாலையில் அடையாளம் தெரியாதபடி வற்றிச் சுருங்கிவிடுவான். போன நீரை நரம்பு வழியே திருப்பி ஏற்றினால் பிழைக்க வைக்கலாம். அதற்குத் தூய நீர் வேண்டும். காட்டில் அதுதான் இல்லை. வண்டிகளிலிருந்து கழற்றிய செப்புக் குழாயையும் மூங்கிலையும் தகரப் பெட்டியையும் கொண்டு, நீரைக் காய்ச்சி வடிக்கும் அமைப்பை ஏற்படுத்தினர். வடித்த நீரில் சமையல் உப்பைக் கரைத்தனர். ஸ்டெதாஸ்கோப்புக் குழாயை அறுத்து அதன் வழியே உப்பு நீரை நரம்பில் விட்டனர். எல்லாரும் பிழைக்கவில்லை, பலர் பிழைத்தனர்.

பிழைத்ததைவிட நோய் பரவாமல் தடுத்தது பெரிது. கொதிக்க வைக்காத நீரை எவனும் குடிக்கக்கூடாது. சோறு வாங்குமுன் தட்டைக் கொதிநீரில் அமிழ்த்தியே நீட்டவேண்டும். கழிப்பிடக் குழி ஆழமாக இருக்கவேண்டும், ஈ மொய்க்கக்கூடாது. களைத்து விழும் மனிதர் இவற்றைத் தாமாகச் செய்யமாட்டார். கட்டளையிட ஒருவர் வேண்டும், கீழ்ப்படியும் பழக்கம் வேண்டும், நீரைக் காய்ச்சவும் குழி தோண்டவும் சிலரை வேலையிலிருந்து ஒதுக்கி வைக்க வேண்டும். படைக்கட்டுப்பாடு போர்க்களத்தைவிட இங்கே நோய்க்கெதிராக அதிகம் பயன்பட்டது.

இனிப் பரிமேலழகர் சொன்ன பொருளுடைமைக்கு வருவோம். ஜப்பானியர் கைதிகளுள் அதிகாரிகளுக்குச் சிறு சம்பளம் தந்தனர். மற்றவர்க்கு வேலை செய்த நாளுக்கு மட்டும் சில காசு, நோயாளிக்கு ஒன்றுமில்லை. டன்லப் அதிகாரிகளின் சம்பளத்தில் பெரும்பகுதியைப் பொது நிதியாகத் திரட்டி, அதனை நோயாளிகளின் உணவுக்குச் செலவிட்டார். முணுமுணுத்தோரும் உண்டு, அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பணத்தில் வாங்கியவை வாத்து முட்டை, பச்சைப்பயறு, எண்ணெய், சர்க்கரை. தீட்டிய அரிசியை மட்டும் தின்று பெரிபெரி கண்டு வீங்கியவனுக்கு ஒரு கை பயறும் தவிடும் மருந்துதான். காஞ்சனாபுரியில் பூன் பொங் என்னும் சயாமிய வணிகர், முகாம்களுக்குக் காய்கறி விற்கும் உரிமையை வைத்துக்கொண்டு, காய்கறிக்குள் மருந்தும் பணமும் ஒளித்து அனுப்பினார். பிடிபட்டிருந்தால் அவருக்கும் குடும்பத்தார்க்கும் என்ன நேர்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

நோயாளியின் அருகிருந்து பணிபுரிபவன் என்னும் நான்காம் கூறும் அங்கே குறைவின்றி இருந்தது. பயிற்சி பெற்ற பணியாளர் சிலரே. மற்றவர் தாமாக முன்வந்த சாதாரணப் படைவீரர். வாந்திபேதிக் கூடாரத்திற்குள் போனால் திரும்புவது உறுதியில்லை என்று தெரிந்தே போனவர்கள்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லிவைக்க வேண்டும். ஓர் ஆளை வீரராக்கி மற்றவரை மறந்துவிடுவது எல்லா நாட்டார்க்கும் உள்ள பழக்கம். ஜப்பானியர் கையில் சிக்கிய ஆஸ்திரேலிய மருத்துவ அதிகாரிகள் 106 பேர். அவர்களுள் 44 பேர் இந்த இரயில் பாதையில் பணிபுரிந்தனர். பிரிட்டிஷ், டச்சு மருத்துவர்களும் இருந்தனர். சுங்காய் முகாமில் ஜேக்கப் மார்க்கோவிட்ஸ் என்னும் கனடா நாட்டு மருத்துவர், உறையாதபடி கலக்கி எடுத்த இரத்தத்தைப் பிறர்க்கு ஏற்றி உயிர்காத்தார். டன்லப்பே இதனை மறைத்ததில்லை. தம் பெயர் மட்டும் ஒலிப்பதில் அவருக்குக் கூச்சம் உண்டு.

அதே ஆற்றங்கரையில்

இவ்வளவும் நடந்த முகாம்களுக்கு அருகிலேயே தமிழர் முகாம்கள் இருந்தன.

ரப்பர் வாணிபம் நின்று தோட்டங்கள் பட்டினியில் கிடந்த காலம். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், நல்ல உணவு என்று சொல்லி ஆள் திரட்டினார்கள். சொல் கேட்டு வருவோர் குறைந்தபோது பிடித்துச் செல்லத் தொடங்கினர். இலவசப் படக்காட்சி என்று கூட்டிக் கதவடைத்து ஏற்றிய கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். மனைவி மக்களோடு போனவரும் உண்டு. உடன் சென்றவர் கிராணியும் மண்டோரும். நோய் வந்தபோது அவர்களால் என்ன செய்ய முடியும்?

மழை அதே மழை. வாந்திபேதி அதே வாந்திபேதி. சம்மட்டி அதே சம்மட்டி. ஆனால் நீரைக் காய்ச்சு என்று கட்டளையிட ஆளில்லை. குழி வெட்ட நேரம் கேட்டு வாதாட ஆளில்லை. காலைக் கணக்கெடுப்பில் இவனால் முடியாது என்று நடுவே வந்து நிற்க ஆளில்லை. நிதி திரட்ட அதிகாரிகளின் சம்பளமில்லை. ஆற்றுநீரை அள்ளிக் குடித்தார்கள். மேலே உள்ள முகாமின் கழிவு கீழே உள்ளவர் வாய்க்கு வந்தது. நோய் கண்டவரை விட்டு மற்றவர் அஞ்சிக் காட்டுக்குள் சிதறினர். தமிழர் அறியாமையால் மாண்டனர் என்று அக்காலத்து வெள்ளையர் சிலர் எழுதியது எனக்கு ஒப்பவில்லை. அறியாமை எல்லாப் படையிலும் உண்டு. அதனை அடக்கி ஆளும் ஓர் அமைப்பு ஒரு பக்கம் இருந்தது, மறுபக்கம் இல்லை, வேற்றுமை அவ்வளவே.

1943-ன் நடுவில் சாவு மிகுந்து வேலை தடைப்படும் நிலை வந்த பிறகே ஜப்பானியர் சாங்கியிலிருந்த கைதி மருத்துவர்களை ஆசியத் தொழிலாளர்க்கென்று அனுப்பினர். முதற் குழுவில் மருத்துவர் 30 பேரும் பணியாளர் 200 பேரும். அடுத்து வந்த குழு இதில் பாதி. 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதையில் சிதறிக் கிடந்த இலட்சக்கணக்கானோர்க்கு இவர்களே மருத்துவர். மருந்தோ அதிகாரமோ இவர்களிடம் இல்லை; நோயாளிகளின் மொழியும் பெரும்பாலோர்க்குத் தெரியாது. இவர்கள் பெயர் எந்நாட்டிலும் பெரிதாகப் பேசப்படவில்லை.

போர்க்கைதிகளுள் இறந்தவர் 12,000 பேருக்கு மேல். அதாவது ஐவருக்கு ஒருவர். ஆசியத் தொழிலாளருள் இறந்தவர் 90,000 அளவில் இருக்கலாம் என்பது பலரும் கொள்ளும் மதிப்பு. ஏறக்குறைய இரண்டு மடங்கு சாவு விகிதம். அடியும் பட்டினியும் இருசாராருக்கும் இருந்தன என்பதை மறவாமல் இவ்வேற்றுமையைப் பார்க்க வேண்டும்.

போருக்குப் பின்

1944-லும் 1945-லும் டன்லப் சுங்காய், நகோன் பதோம் ஆகிய பெரிய மருத்துவ முகாம்களில் பணிபுரிந்தார். போர் முடிந்து நாடு திரும்பி, மெல்பர்னில் அறுவை மருத்துவராகத் தொழில் நடத்தினார். உணவுக்குழாய்ப் புற்றுநோய் அறுவையில் தேர்ச்சி மிக்கவர் என்று பெயர் பெற்றார். 1947-ல் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருது வந்தது. அவர் செய்ததற்கு அது சிறிது என்று அவருடைய கைதித் தோழர்கள் குறைப்பட்டுக்கொண்டது நியாயமே. 1969-ல் சர் பட்டம், 1976-க்குரிய ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர் என்னும் சிறப்பு, 1987-ல் ஆஸ்திரேலியாவின் உயர்ந்த விருதுகளுள் ஒன்று என்று பின்னர்ப் பல வந்தன. 1993-ல் தாய்லாந்து அரசரின் விருதும் கிடைத்தது.

பதக்கங்களைவிட அவர் பிற்காலத்தில் செய்த சில செயல்கள் கருதத்தக்கவை. கொழும்புத் திட்டத்தின்கீழ்த் தாய்லாந்து, இலங்கை, இந்தியா ஆகிய நாடுகளுக்கு மருத்துவப் பணிக்காகச் சென்றார். 1969-ல் தென் வியட்நாமுக்கு ஆஸ்திரேலிய அறுவை மருத்துவக் குழுவின் தலைவராகப் போனார். அப்போது வயது 62. தாய்லாந்து அறுவை மருத்துவர்கள் ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெறுவதற்கு 1980-களில் ஏற்பட்ட ஓர் உதவித்தொகைக்கு அவர் பெயரையும் காய்கறி வணிகர் பூன் பொங்கின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

சிறைக்காலம் முழுதும் அவர் நாட்குறிப்பு எழுதி வந்தார். கண்டுபிடிக்கப்பட்டால் தலை போகும் என்று தெரிந்தே எழுதி, ஒளித்துக் காத்தார். அன்றன்று நோயாளிகள் எத்தனை பேர், வேலைக்குப் போனவர் எத்தனை பேர் என்ற எண்களும் அதில் உண்டு. நாற்பதாண்டு வெளியிடாமல் வைத்திருந்து 1986-ல்தான் நூலாக்கினார்.

ஹின்டோக்கில் காவலராக இருந்து வேலைக்கு ஆள் கேட்டு வந்தவர்களுள் லீ ஹாக் ரே என்ற கொரிய இளைஞர் ஒருவர். ஜப்பானியர் ஆட்சிக்குட்பட்ட கொரியாவிலிருந்து காவற்பணிக்கு எடுக்கப்பட்டவர். வயது இருபதுகூட நிரம்பவில்லை. போருக்குப்பின் சிங்கப்பூரில் விசாரணை நடந்து அவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. சாங்கிச் சிறையில் மாதக்கணக்கில் தூக்குக்குக் காத்திருந்தபின் அது இருபதாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. அவர் 1991-ல் ஆஸ்திரேலியா சென்று, அங்கு நடந்த ஆய்வரங்கொன்றில் டன்லப்பை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டார். பொற்கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்தார். ஒருகாலத்தில் இவரைக் கொன்றுவிட எண்ணியதுண்டு என்ற டன்லப் அதனை வாங்கிக்கொண்டார். அடுத்த ஈராண்டில், 1993 ஜூலை 2-ஆம் நாள், காலமானார். அரசு மரியாதையுடன் நடந்த இறுதி ஊர்வலத்தைக் காண மெல்பர்ன் தெருக்களில் பல்லாயிரவர் நின்றனர். அவருடைய சாம்பலில் ஒரு பகுதி சயாமிற்குக் கொண்டுபோகப்பட்டது.

காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏழாயிரத்தளவில் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம்மவர்க்கு அப்படியொன்றும் இல்லை. 1990-ல் அவ்வூரை அடுத்த கரும்புத் தோட்டத்தில் மண்ணைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒருசேரக் கிடைத்தன. 2023 மே மாதத்தில், தமிழ்த் தொழிலாளர் நினைவாகக் காஞ்சனாபுரியில் ஒரு நடுகல் எழுப்பப்பட்டது.

போர் முடிந்தபின் பிரிட்டிஷார் எடுத்த கணக்கில் மலாயாவிலிருந்து போனவர் 78,000 பேர் என்று இருக்கிறது. இறந்தோர் 29,000-க்கு மேல். உண்மைத் தொகை இதனினும் மிகுதி என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அதே கணக்கில் மற்றொரு பத்தி உண்டு: ஓடிப்போனோர், 24,000-க்கு மேல். வாந்திபேதி பரவிய மழைக்காலத்தில், வழி தெரியாத காட்டில், கையில் அரிசியில்லாமல் அவர்கள் எவ்வளவு தூரம் போயிருப்பார்கள் என்று அக்கணக்கில் எழுதவில்லை.